ஒரு மணி நேரம் பத்து ரூபாய்: சிதம்பரத்து டிவி கேம் கடையும் ஒரு குயர் நோட்டும்

"டிவி கேம் கடை அண்ணன் வீட்டைக் காலி பண்றாராம்டா. கேசட்டை எல்லாம் எடைக்குப் போடப் போறாராம். போய்ப் பார்க்குறியா?"

துபாயில் இருக்கும் பெரியப்பா பையன் வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. மறுநாள் காலையிலேயே கடலூரில் பஸ் ஏறிவிட்டேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி சிதம்பரம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. சின்ன வயசுல முழுப் பரீட்சை லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதும் இதே ரோடுதான். அப்போ வழியெல்லாம் ஒரே நினைப்பாக இருக்கும்: வடக்கு வீதிப் பக்கம் ஒரு சந்துல, மூணு டிவி வெச்சு நடத்திக்கிட்டிருந்த அந்தக் கடை.

இந்தக் கட்டுரை அந்தக் கடையைப் பற்றியது. கூடவே, பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பாதுகாக்கிறது என்றால் உண்மையிலேயே எதைப் பாதுகாக்கிறது என்ற கேள்வியும் இருக்கு. போறதுக்கு முன்னாடி இதுக்கு எனக்கு விடை தெரியும்னு நினைச்சேன். திரும்பி வரும்போது அப்படி இல்லை.

எங்க ஊருக்கு வந்தது எந்தப் பெட்டி?

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற வீடியோ கேம் வரலாற்றைப் படிச்சா ஒரு வரிசை இருக்கும். 1983 ஜூலை 15-ல் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம், 1985-ல் அமெரிக்காவில் அதே பெட்டி என்இஎஸ் என்ற பெயரில், அப்புறம் சேகா, அப்புறம் பிளேஸ்டேஷன். நம்ம ஊர்ல இந்த வரிசை நடக்கவே இல்லை.

கடை வழியா முறையாக வந்ததும் உண்டு. 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவோடு ஒப்பந்தம் போட்டு மெகா டிரைவ் பெட்டியை இந்தியாவில் விற்றது. விலை சுமார் 18,000 ரூபாய். அன்றைக்கு அது ஒரு பழைய பைக்கின் விலை. சிதம்பரத்தில் அதை வாங்கினவங்க யாராவது இருந்திருந்தா ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருக்கும்.

நாம விளையாடினது வேற. ஃபேமிகாமைப் பார்த்து தைவான், ஹாங்காங், சீனா பக்கம் செய்த நகல் பெட்டிகள். சாமுராய், லிட்டில் மாஸ்டர், மீடியா என்று மேல என்ன பெயர் இருந்தாலும் நமக்கு எல்லாமே 'டிவி கேம்'தான். ஆட்டம் இருக்கிற அட்டைக்குப் பெயர் 'கேசட்'. பாட்டு கேசட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனா சொருகினா ஓடுது, அதனால கேசட்.

நகல் எடுக்க முடிந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன பெட்டியில் நிண்டெண்டோ ஒரு பூட்டுச் சில்லு வெச்சது. கேசட்டில் அதுக்கு இணையான சில்லு இல்லைன்னா பெட்டி திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டே கிடையாது. அதன் கேசட்டுக்கு 60 கால்கள், அமெரிக்கக் கேசட்டுக்கு 72. பூட்டில்லாத 60 கால் பெட்டியைத்தான் எல்லாரும் நகல் எடுத்தாங்க. தைவானின் யுஎம்சி மாதிரி நிறுவனங்கள் உள்ளே இருக்கும் சில்லுகளையே அச்சு அசலாகச் செய்து விற்றன.

கடைக்காரர் முதல் பெட்டியை மெட்ராஸ் பர்மா பஜாரில் வாங்கினாராம். "ரெண்டு கடையில பேரம் பேசி 900 ரூபாய்க்கு வாங்கினேன் தம்பி. வீட்டுல மூணு நாள் சோறு போடல" என்று சிரிச்சார்.

99,99,999 ஆட்டம் எங்கே இருந்தது?

மூட்டையைப் பிரித்தோம். உர மூட்டைச் சாக்கு. உள்ளே முப்பது, நாற்பது கேசட் இருக்கும். பாதிக்கு மேல ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சு. மிச்சத்தில் '64 இன் 1', '168 இன் 1', கடைசியா அந்தப் புகழ்பெற்ற '9999999 இன் 1'.

ஒரு சின்னக் கணக்கு. 'டேங்க் கேம்' என்று நாம சொன்ன பேட்டில் சிட்டியின் அளவு 24 கேபி. ஒரு கோடி ஆட்டம் இந்த அளவில் இருந்தால் மொத்தம் 240 ஜிபி ஆகும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கே ஒன்றிரண்டு ஜிபிதான். அப்போ உள்ளே என்னதான் இருந்தது?

பத்து, இருபது சின்ன ஆட்டங்கள்தான். 1985 வாக்கில் வந்த பேட்டில் சிட்டி, ரோட் ஃபைட்டர், பாம்பர்மேன் போன்றவை. தொடக்கத்தில் வரும் பட்டியல் ஒரு தனி நிரல். நீங்க 37-ம் எண்ணை அழுத்தினால் அது பேட்டில் சிட்டியை நாலாவது கட்டத்திலிருந்து தொடங்கச் சொல்லும். 38-ஐ அழுத்தினால் அதே ஆட்டம் ஏழாவது கட்டத்திலிருந்து. ஒரே சாம்பாரை ஒன்பது கிண்ணத்தில் ஊற்றி வெச்ச மாதிரி. ஆனா ஆட்டங்கள் உண்மையிலேயே சின்னவை. சூப்பர் மேரியோ மொத்தமே 40 கேபி. இன்றைக்கு நாம ஃபோனில் எடுக்கிற 3 எம்பி போட்டோ ஒன்றில் எழுபத்தஞ்சு மேரியோ அடங்கும். மேகமும் செடியும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேற என்பதைக் கவனிச்சிருக்கீங்களா? இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது.

60 நிமிஷக் காசு, 50 நிமிஷ ஆட்டம்

இப்போ ஒரு சொந்த விஷயம். என் பையன் லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு மேரியோ ஆடுவான். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ இடறும். வேகமா ஓடுதுன்னு தோணும். வயசாச்சு, காது ஏமாத்துதுன்னு விட்டுட்டேன்.

காது ஏமாத்தலை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் வரையும். இந்தியாவில் இருந்தது பால் முறை, நொடிக்கு 50 முறை. ஃபேமிகாம் ஆட்டங்கள் கடிகாரம் பார்த்து ஓடுவதில்லை. ஒவ்வொரு முறை திரை வரையப்படும்போதும் ஓர் அடி எடுத்து வைக்கும். அதனால 50 முறை வரையும் டிவிக்காகச் செய்த நகல் பெட்டிகளில் மேரியோவும் மெதுவாக ஓடினான், பாட்டும் மெதுவாக ஓடியது. ஜப்பான்காரப் பையன் 60 நொடியில் முடிச்ச கட்டம் நமக்கு 72 நொடி. நகல் சில்லு செய்தவங்க உள் கடிகாரத்தைப் பழைய வேகத்துக்குப் பக்கத்திலேயே வெச்சதால சுருதி பெரிசா மாறலை, தாளம் மட்டும் இறங்கிப் போச்சு.

இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். "அண்ணே, ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்தோம். நாங்க ஆடினது ஐம்பது நிமிஷ ஆட்டம்தான்."

அவர் கொஞ்சம் யோசிச்சு, "அப்ப ஆளுக்குப் பத்து நிமிஷம் நான் பாக்கியா?" என்றார்.

சிரிப்பை விடுங்க. இதுல ஒரு விஷயம் இருக்கு. மேரியோவின் நிரல் உலகம் முழுக்கப் பத்திரமா இருக்கு. ஆனா 90-களில் கடலூர், சிதம்பரம் பையன்கள் கேட்ட மேரியோ அந்தக் கோப்பில் இல்லை. அந்தப் பெட்டியும் அந்த டிவியும் சேர்ந்தால்தான் அது வரும்.

வாத்து ஏன் இப்போ விழ மாட்டேங்குது?

மூட்டையில் ஒரு துப்பாக்கியும் இருந்தது. வாத்து சுடுற ஆட்டத்துக்கு. இதிலிருந்து ஏதோ கதிர் போய் டிவியில் படுதுன்னு நாங்க நம்பினோம். நடப்பது நேர் எதிர். துப்பாக்கி எதையும் அனுப்பாது, ஒளியை வாங்கும். நீங்க விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி முதலில் இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து விழும். எந்நேரமும் எரியும் டியூப் லைட்டைச் சுட்டால் வேலைக்கு ஆகாததும் இதனால்தான். முதலில் இருட்டு வேணும்.

இந்தக் கணக்கு பழைய குழாய் டிவிக்குத்தான் பொருந்தும். அது சிக்னல் வந்த அந்த நொடித்துளியிலேயே படத்தை வரையும். இன்றைய எல்இடி டிவி படத்தை உள்ளே வாங்கிச் சரி செய்து கொஞ்சம் தாமதமாகக் காட்டும். அதுக்குள்ள துப்பாக்கி பார்த்துட்டு 'குறி தப்பு'ன்னு முடிவு கட்டிடும். குழாய் டிவி இல்லாமல் அந்தத் துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக்.

நம்ம மாநிலத்தில் குழாய் டிவிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி போச்சு. உலகம் தட்டை டிவிக்கு மாறிக்கொண்டிருந்த வருஷங்களில் நாம ஊர் ஊராகக் குழாய் டிவி வாங்கினோம். திருப்பாப்புலியூர் பக்கம் இரும்புக் கடைகளில் அந்தப் பெட்டிகள் வயிறு கிழிஞ்சு கிடப்பதை நானே பார்த்திருக்கேன். செம்புக் கம்பிக்காக உடைக்கிறாங்க. உங்க வீட்டில் ஓடுகிற நிலையில் ஒன்று இருந்தால் வெச்சுக்கங்க. புதுசா யாரும் செய்யப் போறதில்லை.

ஊதினது தப்பு

நாற்பது கேசட்டில் அன்றைக்கு உயிர் வந்தது பதினொன்று. ஓடாதவற்றின் கால்களில் பச்சைக் களிம்பு. கடற்கரை ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்னும். நாங்க செய்த கைங்கரியமும் உண்டு: ஓடலைன்னா கேசட்டைக் கழற்றி 'ஃபூ'ன்னு ஊதுவோம். எச்சில் ஈரம் அரிப்பைத்தான் கூட்டும். ஊதினதும் ஓடினதுக்குக் காரணம் மூச்சு இல்லை, கழற்றி மறுபடி சொருகினதில் கால்கள் சரியாகப் பொருந்தினதுதான்.

சுத்தம் பண்ண ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் போதும். மெதுவாகத் தேய்ச்சு, நல்லாக் காய விட்டு, அப்புறம் சொருகுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, மேல் பூச்சு போயிடும். பெட்டியைத் திறந்தால் நடுவில் கறுப்பா ஒரு பிசின் கட்டி இருக்கும். அதுக்கடியில்தான் சில்லு. அது செத்துப்போனால் மாற்ற முடியாது. மற்றபடி அடாப்டர், ஒயர், கப்பாசிட்டர், ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் எல்லாமே சரி செய்யக்கூடியவை.

கடலூர்ல என்கிட்ட இருந்த பெட்டிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கலை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடிச்சப்போ எங்க வீட்டு ஓடு பறந்தது. பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணி இறங்கிச்சு. வீடே நாறிக் கிடந்த வாரத்தில் டிவி கேமை யார் தேடுவா? நாலு மாசம் கழிச்சுத் திறந்து பார்த்தப்போ உள்ளே எல்லாம் துரு.

குயர் நோட்டு

கிளம்புற நேரத்தில்தான் அது கண்ணில் பட்டது. ஒரு அட்டைப் பெட்டியில் பழைய பேப்பரோடு மூணு குயர் நோட்டு. கடைக் கணக்கு. தேதி, டிவி நம்பர், பையன் பேர், உள்ளே வந்த நேரம், போன நேரம், காசு. சிகப்பு மையில் பாக்கி. கரண்ட் போனால் 'க.க. 20 நி' என்று குறிச்சு, அந்த இருபது நிமிஷத்தைக் கழிச்சிருக்கார். மே மாசப் பக்கங்கள் நிறைஞ்சு வழியுது. மார்ச்சில் பாதிப் பக்கம் காலி, பரீட்சை.

"மொத்தம் எத்தனை நோட்டுண்ணே இருந்துச்சு?"

"எட்டோ ஒன்பதோ. மத்ததெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு. போன வாரம்தான் கொல்லையில போட்டுக் கொளுத்தினேன்." அப்புறம் அவரே சொன்னார்: "நம்ம ஊருக்கு இது புதுசா தம்பி? தேவாரத்தையே கரையான் அரிச்ச ஊரு."

ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் இங்கே கோயிலில் பூட்டிக் கிடந்த ஏடுகளைத் திறந்து பார்த்தப்போ பெரும்பகுதி கரையானுக்குப் போயிருந்ததுன்னு திருமுறை கண்ட புராணம் சொல்லும். தேவாரத்துக்கும் டிவி கேம் கணக்குக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. அவர் சொன்னது கரையானைப் பற்றி. அதுக்குத் தராதரம் கிடையாது.

நோட்டைப் புரட்டினேன். என் பெரியப்பா பையன் பேர் இருந்தது. பக்கத்திலேயே 'கடலூர் தம்பி' என்று ஒரு பதிவு. அது நான்தான். தேதி 1997 மே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் இத்தனை வருஷமா எல்லாரிடமும் சொல்லி வந்தது, மூணாங்கிளாஸ் படிக்கும்போது அங்கே முதல்முறை காண்ட்ரா ஆடினேன் என்று. அதாவது 1994. நோட்டில் 94, 95 எதுவும் இல்லை. கடை ஆரம்பிச்சதே 96 கடைசியில்தான்னு அவர் சொல்றார். அண்ணனுக்குப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "நீ மூணாங்கிளாஸ் எல்லாம் இல்லடா. ஆறாவது முடிச்சிருந்த. காண்ட்ரா நான்தான் ஆடினேன், நீ பக்கத்துல உட்கார்ந்து பார்த்தே. உனக்கு டேங்க் கேம்தான்."

ஏக்கம் பொய் சொல்லும்னு சொல்ல வரலை. ஆனா அது கணக்கைத் தனக்கு வசதியாத் திருத்திக்கும். இன்னும் சின்னப் பையனா, இன்னும் பெரிய ஆட்டமா மாத்திக்கும். ஒரு பழைய நோட்டுதான் 'இல்லப்பா, இப்படி'ன்னு சொல்லுது.

கடைசி நோட்டின் பின் அட்டையில் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது: 'மே மே கீ கீ இ வ இ வ பி ஏ'. மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ. காண்ட்ராவில் முப்பது உயிர் தரும் ரகசியம். கோனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-ல் கிராடியஸ் ஆட்டத்தைச் சோதிக்கும்போது தனக்குச் சிரமமாக இருக்குன்னு போட்டுக்கிட்ட குறுக்கு வழி அது. பதினோரு வருஷத்தில் அது சிதம்பரத்துச் சந்துக்கு வந்து தமிழ்ச் சுருக்கெழுத்தாகி இருக்கு. எப்படி வந்ததுன்னு அவருக்கே நினைவில்லை. "யூனிவர்சிட்டி ஹாஸ்டல் பசங்க யாரோ சொன்னாங்க" என்பதோடு சரி.

எதைக் காப்பாத்துறது?

1997 பிப்ரவரியில் இத்தாலியின் நிக்கோலா சல்மோரியா மேம் என்ற எமுலேட்டரை வெளியிட்டார். இங்கே பெரியப்பா பையன் பத்து ரூபாய்க்குக் காண்ட்ரா ஆடிய அதே வருஷம் அங்கே பழைய ஆட்டங்களைக் காப்பாத்தும் வேலை சூடு பிடிச்சது. இருந்தும் நிலைமை மோசம்தான். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்றைக்குக் கடையில் வாங்கவே கிடைக்காதுன்னு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது.

நம்ம ஊரில் இன்னொரு சங்கடம். நம்ம பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள டிஜிட்டல் அல்லாத பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடம் கொடுக்குது. கேசட்டில் இருப்பதே டிஜிட்டல், போதாததுக்குத் திருட்டுப் பதிப்பு. எந்த நூலகம் இதை வாங்கி அலமாரியில் வைக்கும்?

அதனால நான் இப்படிப் பிரிச்சுக்கிட்டேன். காண்ட்ராவை, மேரியோவைக் காப்பாத்த உலகத்தில் ஆயிரம் பேர் இருக்காங்க. ஒரு மணி நேரத்துக்கு என்ன காசு, கரண்ட் போனா என்ன ஏற்பாடு, டேங்க் கேம்னு ஏன் பேர் வந்தது, பர்மா பஜாரிலிருந்து பெட்டி எப்படி வந்தது என்பதை எழுதி வைக்க நம்மைத் தவிர ஆள் இல்லை. இதுக்குச் சட்டச் சிக்கலும் இல்லை. ஃபோன் கேமரா போதும்.

நோட்டு மூணையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பாக்கிப் பக்கத்தை யாருக்கும் காட்டாதப்பா. அதுல இருக்கிறவன்லாம் இன்னைக்குப் பெரிய பெரிய ஆளு. புள்ளைங்க இருக்கு." நியாயம்தான். அந்தப் பக்கங்களில் பேர்களை மறைச்சு ஒரு பிரதி தனியா வெச்சிருக்கேன். அவர் பேசினதை ஒன்றரை மணி நேரம் பதிவு பண்ணினேன். கேசட் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, ஓடுதா இல்லையான்னு எழுதி வெச்சேன். மூட்டை இப்போ கடலூர்ல என் பீரோவில், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இருக்கு. பரண்ல வைக்கலை. ஒரு தடவை பட்டது போதும்.

உங்க ஊரிலும் இப்படி ஒரு கடை இருந்திருக்கும். நடத்தினவருக்கு இன்றைக்கு அறுபது வயசு இருக்கலாம். போய்ப் பாருங்க. கேசட்டைக் கேட்கிறதுக்கு முன்னாடி நோட்டு இருக்கான்னு கேளுங்க. நான் ஒரு வாரம் முன்னாடி போயிருந்தா இன்னும் ஐந்தாறு நோட்டு பாதியாவது கிடைச்சிருக்கும்.

கிளம்பும்போது பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். எதுக்குன்னு கேட்டார். 'கடலூர் தம்பி' பேருக்கு எதிரே சிகப்பு மையில் பத்து ரூபாய் இருந்ததைச் சொன்னேன். வாங்கி, நோட்டை எடுத்து, அந்த வரியை அடிச்சுட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். படம் ஏற்கெனவே எடுத்தாச்சு, அதில் பாக்கி அப்படியே இருக்கு.